பாலபாடம் எழுதியவர்

“புத்தகத்தைப் பார்த்துச் சங்கீதம் கத்துக்க முடியுமா?”

டிசம்பர் மாதம் சென்னையில் எந்த சபா கேன்டீன் வாசலில் பத்து நிமிஷம் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும். கேட்பவருக்குப் பதில் தேவையில்லை. கேள்வி வேஷத்தில் வருகிற தீர்ப்பு அது. குருமுகமாக வர வேண்டும், கேள்வி ஞானம் வேண்டும், சின்ன வயதிலிருந்தே வீட்டில் தம்புரா ஒலித்திருக்க வேண்டும். புத்தகமெல்லாம் பரீட்சை எழுதுகிறவர்களுக்கு. இதே தீர்ப்பை வேறு சட்டை போட்டுக்கொண்டு நம்ம பக்கத்து ஆட்களும் சொல்கிறார்கள்: “கானாவை எல்லாம் நொட்டேஷன் போட்டு எழுத முடியாது ப்ரோ, அது ரத்தத்துல வரணும்.” முதல் ஆள் மயிலாப்பூர், இரண்டாவது ஆள் இன்ஸ்டாகிராம். அரசியலில் இரண்டு பேரும் எதிரெதிர் துருவம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள்: உள்ளே பிறந்தவன் உள்ளே இருக்கட்டும், வெளியே பிறந்தவன் வெளியே நின்று கை தட்டட்டும்.

இந்த இருவருக்கும் எதிராக நான் ஒரு மனிதரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். பி. சாம்பமூர்த்தி. பெயரைக் கேட்டதும் இசை படித்தவர்கள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வரும். ‘ஓ, அந்தப் பரீட்சைப் புத்தகக்காரரா?’ என்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்போடுதான் எனக்குச் சண்டை.

சாம்பமூர்த்தி 1901இல் நெல்லூர் பக்கம் பித்ரகுண்டாவில் பிறந்தார். சட்டம் படித்தவர். அவருடைய புத்தகங்களின் முகப்பில் பெயருக்குப் பின்னால் ‘பி.ஏ., பி.எல்.’ என்று போட்டிருக்கும். வக்கீல் பட்டத்தோடு சங்கீதப் புத்தகம்! 1928இல் ராணி மேரி கல்லூரியில் இசை விரிவுரையாளர் ஆனார். 1931இல் ஜெர்மனிக்குப் போய் மியூனிக்கில் ஐரோப்பிய இசை படித்தார். 1937இல் சென்னைப் பல்கலைக்கழக இசைத் துறையின் தலைமைக்கு வந்தார். 1971இல் பத்மபூஷண், 1972இல் மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி, 1973இல் மரணம். விக்கிப்பீடியா வாழ்க்கை இவ்வளவுதான். மீதி வாழ்க்கை முழுக்கப் புத்தகம். ‘சவுத் இந்தியன் மியூசிக்’ என்று படிப்படியாக ஏறுகிற ஆறு புத்தகங்கள், செய்முறைப் பயிற்சிக்குத் தனிப் புத்தகம், இசையைச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்கு ஒரு புத்தகம், புல்லாங்குழலுக்கு ஒன்று, தாள வாத்தியங்களுக்கு ஒன்று, இந்திய இசை படிக்கிறவர்களுக்கு மேற்கத்திய இசையின் அரிச்சுவடி ஒன்று, 1952இல் முதல் தொகுதி வந்து அவர் சாகிறவரை முடியாமலே இருந்த ஒரு அகராதி. மேடைக் கச்சேரியால் பெயர் வாங்கியவர் இல்லை. லட்சியம் தெரிந்தவர் பாடுவார், லட்சணம் மட்டும் தெரிந்தவர் புத்தகம் எழுதுவார் என்று ஒரு கேலி இருக்கிறதே, அதற்கு வாகான ஆள்.

இந்தப் புத்தகங்களின் முகவரியைப் பாருங்கள். இந்தியன் மியூசிக் பப்ளிஷிங் ஹவுஸ், பந்தர் தெரு, சென்னை 1. மயிலாப்பூர் இல்லை, தியாகராய நகர் இல்லை. ஜார்ஜ் டவுன். பந்தர் என்றாலே துறைமுகம்தான். பீச் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரம். கைவண்டியும் மூட்டையும் மொத்த வியாபாரமுமாக இருக்கும் அந்தத் தெருவில்தான், கோவூர் சுந்தரேச முதலியாரின் வீட்டில், சென்னைக்கு வந்த தியாகராஜர் தங்கினார். அங்கிருந்து வீணை குப்பய்யர் அழைத்து அவர் வந்தது எங்கள் ஊருக்கு. திரிபுரசுந்தரி மேல் அவர் பாடிய ஐந்து கீர்த்தனைகளுக்குத் திருவொற்றியூர் பஞ்சரத்தினம் என்றே பெயர். குப்பய்யரின் மகன் ஊர்ப் பெயரையே முன்னால் போட்டுக்கொண்டு திருவொற்றியூர் தியாகய்யர் ஆனார். அப்பாவின் உருப்படிகளையும் தன்னுடையதையும் சேர்த்து 1900இல் ‘பல்லவி ஸ்வர கல்பவல்லி’ என்று சுரக்குறிப்போடு அச்சடித்தார். அதற்கும் முன்னால், 1880களிலேயே, தச்சூர் சிங்கராசாரியுலு சகோதரர்கள் இதே சென்னையில் தெலுங்கில் வரிசையாக, முதல் படியிலிருந்து மேலே போகிற மாதிரி சங்கீதப் புத்தகங்கள் போட்டுவிட்டார்கள்.

ஆக, ‘புத்தகத்தில் சங்கீதம்’ என்பது யாரோ வெள்ளைக்காரன் கொண்டுவந்து திணித்த வியாதி இல்லை. இந்த நகரத்தில் அது பீச் ஸ்டேஷனுக்கும் தேரடிக்கும் நடுவே நூற்று நாற்பது வருஷமாக நடக்கிற தொழில். இன்றைக்குத் திருவொற்றியூர், எண்ணூர் என்று செய்தியில் தேடினால் கன்டெய்னர் லாரி வரும், சாம்பல் வரும், 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் படிந்த எண்ணெய் வரும், அதே மாதக் கடைசியில் கடலுக்குள் போகிற குழாயிலிருந்து கசிந்த அமோனியா வரும். வரட்டும், அது எல்லாம் உண்மை. ஆனால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்குச் சங்கீதத்தில் ஒரு அச்சகச் சரித்திரமும் இருக்கிறது என்று நம்மாட்களுக்கே தெரியாது.

*

கொஞ்சம் சொந்தக் கதை. நான் பத்தாவது படிக்கும்போது பர்மா பஜாரில் வாங்கிய ஒரு காசியோ வீட்டுக்கு வந்தது. ராயபுரத்தில் ஒரு சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை ஆர்கன் வாசிக்கிற மாஸ்டர் ஒருத்தர் மாலையில் சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் அவர் கையில் கொடுத்தது ஜெராக்ஸ் எடுத்து எடுத்து மங்கிப்போன ஒரு ஜான் தாம்சன் புத்தகம். நடுவில் நாலு பக்கம் இல்லை. “அந்த நாலு பக்கம் எங்க மாஸ்டர்?” என்று கேட்டதற்கு, “எனக்குக் கொடுத்தவர்கிட்டயே இல்லடா, நீ அடுத்ததுக்குப் போ” என்றார். இன்றுவரை அந்த நாலு பக்கத்துக்கான பாடம் எனக்கு வராது. அது வேறு விஷயம்.

யார் இந்த ஜான் தாம்சன்? 1889இல் பென்சில்வேனியாவில் பிறந்த அமெரிக்கர். கச்சேரி பியானிஸ்டாகத் தொடங்கி, இசைப் பள்ளிகளை நடத்தி, கடைசியில் 1936இல் சின்சினாட்டியின் வில்லிஸ் கம்பெனிக்காக ‘டீச்சிங் லிட்டில் ஃபிங்கர்ஸ் டு ப்ளே’ என்று நாற்பது பக்கச் சொச்சத்தில் ஒரு புத்தகம் போட்டார். 1963இல் இறந்தார். அவர் எந்த சிம்பொனியும் எழுதி நிலைக்கவில்லை. ஆனால் உலகத்தில் எத்தனை குழந்தைகளின் இரண்டு கட்டை விரல்களை நடு ‘சி’ மேல் கொண்டுபோய் வைத்தார் என்று யாரும் எண்ணிச் சொல்ல முடியாது. நம்ம கணக்கில் அது ஒரு கட்டை ஸட்ஜம். இடது கட்டை விரலும் வலது கட்டை விரலும் ஒரே கட்டையில் சந்திக்கும். அங்கிருந்து வலது கை மேலே ஒவ்வொரு சுரமாக, இடது கை கீழே ஒவ்வொரு சுரமாக. குழந்தை இரண்டு மூன்று சுரம் தட்டும். பக்கத்தில் உட்கார்ந்து ஆசிரியர் வாசிக்க நிறைவான துணை இசை அதே பக்கத்தில் அச்சாகியிருக்கும். முதல் நாளே குழந்தைக்குத் தான் பெரிய சங்கீதத்துக்குள் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். ஏமாற்றுதான். நல்ல ஏமாற்று.

அவருக்கு முன்னால் பேயர் என்று ஒரு ஜெர்மன்காரர். ஃபெர்டினாண்ட் பேயர், 1863இல் மைன்ஸ் நகரத்தில் இறந்தவர். ஐரோப்பாவில் அவரை யாரும் பெரிய இசையமைப்பாளராக நினைக்கவில்லை. அவருடைய 101ஆம் எண் படைப்பு, பியானோவுக்கான பாலபாடம். 1880இல் லூதர் வைட்டிங் மேசன் என்கிற அமெரிக்க ஆசிரியர் ஜப்பானுக்குப் போகும்போது அதைக் கையோடு கொண்டுபோனார். அவ்வளவுதான், ஜப்பானில் தலைமுறை தலைமுறையாகப் பியானோ என்றால் முதலில் பேயர். கொரியாவிலும் அப்படியே.

இன்னும் முன்னால் செர்னி. பீத்தோவனின் மாணவர், லிஸ்ட்டின் ஆசிரியர். இரண்டு மலைகளுக்கு நடுவில் நின்ற ஆள். பீத்தோவனின் ஐந்தாவது பியானோ கான்செர்ட்டோவை 1812இல் வியன்னாவில் மேடையில் வாசித்துக் காட்டியவர். அப்படிப்பட்டவர் மேடையை விட்டுவிட்டு நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார், ராத்திரியில் பயிற்சிப் பாடம் எழுதினார். எண்ணிட்ட படைப்புகளே எண்ணூற்று அறுபத்தொன்று. கல்யாணம் கிடையாது. 1857இல் இறந்தபோது சேர்த்த பணத்தில் பெரும்பகுதியைத் தர்மத்துக்கு எழுதிவைத்திருந்தார். அவர் எழுதிய சீரியசான இசை பெரும்பாலும் தூங்குகிறது. 599ஆம் எண்ணில் இருக்கிற ஆரம்பப் பயிற்சிகளை மட்டும் இந்த நிமிஷமும் உலகத்தில் எங்கோ ஒரு குழந்தை வெறுப்போடு வாசித்துக்கொண்டிருக்கும்.

இவர்கள் மூன்று பேருக்கும் இசை வரலாற்றில் கிடைக்கிற இடம் என்ன? அடிக்குறிப்பு. ஏன்? ஏனென்றால் கலையைப் பற்றி நாம் வைத்திருக்கிற படத்தில் கலைஞன் என்பவன் உச்சியில் நிற்கிறவன். ஏணி செய்கிறவன் தச்சன். அவனுக்குக் கூலி கொடுத்தால் போதும், சிலை எதற்கு?

ஆனால் கர்நாடக சங்கீதம் தன்னுடைய பிதாமகர் என்று யாரைக் கும்பிடுகிறது? புரந்தரதாசரை. எதற்காக? ஆயிரக்கணக்கான பதங்கள் பாடினார் என்பதற்காக மட்டும் இல்லை. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று பாலபாடம் போட்டவர் என்பதால். அதாவது சபா கேன்டீன் வாசலில் பாடப்புத்தகத்தைக் கேலி செய்கிற அதே ஆள், பூஜை அறையில் ஒரு பாடத்திட்டக்காரருக்கு விளக்கேற்றுகிறார்!

அந்தப் பாடத்திட்டத்தை நான் ஒரு இன்ஜினியராகப் பார்க்கிறேன், பார்த்து அசந்துபோகிறேன். ஆரம்பத்துக்கு எடுத்த ராகம் மாயாமாளவகௌளை. கீபோர்டில் கறுப்பும் வெள்ளையுமாக எண்ணிப் பாருங்கள். ஸ-விலிருந்து ரி-க்கு ஒரு கட்டை தள்ளி. ரி-யிலிருந்து க-வுக்கு மூன்று. க-விலிருந்து ம-வுக்கு ஒன்று. பிறகு ம-விலிருந்து ப-வுக்கு இரண்டு. மறுபடி ப-விலிருந்து அதே ஒன்று, மூன்று, ஒன்று. கீழ்ப்பாதி எதுவோ மேல்பாதியும் அதுவே. பாதி படித்தால் முழுசும் வந்துவிடும். இடைவெளிகள் ஒன்றுக்கொன்று நன்றாக வேறுபடுவதால் குழந்தையின் காது குழம்பாது. எட்டு சுரம், ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை. முதல் வரிசையிலேயே சுரமும் தாளமும் கச்சிதமாக உட்காருகின்றன. அதையே இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று இரட்டித்துப் பாடினால் பாட்டு மாறாமல் கணக்கு மட்டும் ஏறுகிறது. ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் மாற்று. நல்ல டெஸ்ட் எழுதுகிற எவனுக்கும் இந்த விதி தெரியும். தாம்சன் நடுவிலிருந்து வெளியே நடக்கிறார், புரந்தரதாசர் முதல் நாளே முழு ஸ்தாயியையும் கையில் கொடுத்துவிடுகிறார். இரண்டும் வேறு வேறு யோசனை. இரண்டும் யோசனை. ‘வெறும் பயிற்சி’ என்று சொல்கிறவர்களுக்கு இந்த யோசனை கண்ணில் படுவதே இல்லை.

எங்கள் தொழிலில் இந்த வியாதி குறைவு என்று பெருமையாகச் சொல்வேன். சி மொழியை உருவாக்கியவர் டென்னிஸ் ரிட்சி. ஆனால் 1978இல் வந்த அந்த மெல்லிய புத்தகத்தின் அட்டையில் பிரையன் கெர்னிகன் பெயரும் இருக்கிறது. மொழியை வடிவமைத்ததில் தனக்குப் பங்கில்லை என்று அவரே சொல்வார். அவர் செய்தது, தெரியாதவனுக்குப் புரிகிற மாதிரி எழுதியது. அதற்காக உலகம் முழுக்க அவர் பெயரைச் சொல்கிறார்கள். நம்மூரில் மட்டும், பாலகுருசாமி புத்தகத்தைப் படித்து செமஸ்டரைத் தாண்டி வேலைக்குப் போனவன் எல்லாம் பிறகு அவரைக் கிண்டல் பண்ணி மீம் போடுவான். டேய், உனக்குப் பாயின்டர் புரிந்தது எதைப் படித்து?

*

சாம்பமூர்த்திக்கு வருகிறேன். அவரைப் புனிதராக்க நான் வரவில்லை. வாக்கேயக்காரர்களின் வாழ்க்கையை எழுதும்போது பக்திக் கதைக்கும் வரலாற்றுக்கும் நடுவில் அவர் எப்போதும் கறாராகக் கோடு போடவில்லை. பட்டியல் போடுவதில் அவருக்கு ஒரு வெறி உண்டு. சில பக்கங்கள் டெலிபோன் டைரக்டரி மாதிரியே இருக்கும். முக்கியமான புத்தகங்கள் ஆங்கிலத்தில். 1940களில் தண்டையார்பேட்டையில் ஒரு சுமை தூக்குபவரின் பையன் அதை வாங்கிப் படித்திருப்பான் என்று நான் கதை விடமாட்டேன்.

இன்னொன்று, இதைவிடப் பெரியது. பாடத்திட்டமும் பட்டமும் பரீட்சையும் வந்த அதே காலத்தில்தான், இசையைக் குலத்தொழிலாக வைத்திருந்த பெண்கள் ஒதுக்கப்பட்டார்கள். வீணை தனம்மாள் இதே ஜார்ஜ் டவுனில் இருந்தவர். அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீணை கேட்க நகரத்தின் பெரிய வித்வான்கள் வந்து உட்காருவார்கள். 1938இல் இறந்தார். 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம். சங்கீதம் ஜார்ஜ் டவுனைக் காலி செய்துவிட்டுத் தெற்கே குடிபோனது. அந்தப் பெண்களின் பாட்டு வேண்டும், அவர்கள் வேண்டாம் என்று நினைத்த காலம் அது. பல்கலைக்கழகச் சங்கீதம் அதற்கு ஒத்தாசையாக இருந்தது என்று சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் இதிலிருந்து ‘ஆகவே புத்தகம் குற்றவாளி’ என்று முடிவுக்கு வருகிறவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். 1928இல் ராணி மேரி கல்லூரியில் பெண்கள் இசையை ஒரு பாடமாகப் படிக்க உட்கார்ந்தார்களே, புத்தகமும் வகுப்பறையும் இல்லை என்றால் அவர்கள் எங்கே போய் உட்கார்ந்திருப்பார்கள்? குருகுலத்திலா? எந்த குரு வீட்டுத் திண்ணையில் ஒரு குடும்பத்துப் பெண்ணை ஏழு வருஷம் வைத்திருப்பார்கள், எந்த வீட்டில் அனுப்புவார்கள்? அந்தப் பெண்கள் பெரும்பாலும் வசதியான, மேல்சாதி வீட்டுப் பெண்கள்தான். ஒத்துக்கொள்கிறேன். கதவு பாதிதான் திறந்தது. பாதி திறந்த கதவை முழுசாகத் திறக்கச் சொல்லிச் சண்டை போடுவது ஒரு அரசியல். கதவு என்ற பொருளே மோசம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகக் கேட்டு ரசிப்பது வேறு அரசியல்.

பாதியைத் திறக்கப் பார்த்தவர்களும் இருந்தார்கள். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரை ‘கருணாமிர்த சாகர’த்துக்காக, அந்தச் சுருதி ஆராய்ச்சிக்காகக் கொண்டாடுகிறோம். அந்தப் பெரிய புத்தகம் 1917இல் வந்தது. பத்து வருஷம் முன்னால், 1907இல், அவர் போட்டது ‘கருணாமிர்த சாகரத்திரட்டு’. கற்றுக்கொள்கிறவர்களுக்குத் தமிழ் உருப்படிகள். தெலுங்குச் சாகித்தியத்தை அர்த்தம் தெரியாமல் உருப்போடுகிற தமிழ்ப் பிள்ளைக்காகத் தானே எழுதிக்கொடுத்த பாட்டுகள். கீர்த்தனைகளை 1890களிலேயே ஐரோப்பியக் கோட்டுக் குறிப்பில் அச்சடித்த சின்னசாமி முதலியார் தலைமைச் செயலகத்து உத்தியோகஸ்தர், கிறிஸ்தவர். பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கிற எவரும் தியாகராஜரை வாசித்துவிடலாம் என்று நம்பியவர். சொந்தக் காசை அதில் கரைத்தார். அவர் போய் எட்டயபுரத்தில் கதவைத் தட்டியதிலிருந்துதான் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’க்கு வழி பிறந்தது. 1904இல் வந்த ஆயிரத்து எழுநூறு பக்கப் புத்தகம். அதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். மறு வருஷமே, அறுபத்தைந்து வயதைத் தாண்டிய அந்தக் கிழவர் உட்கார்ந்து ‘பிரதமாப்பியாச புஸ்தகமு’ என்று ஒன்று எழுதினார். முதல் பயிற்சிப் புத்தகம். அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். தீட்சிதர் பரம்பரையின் மொத்தச் சொத்தையும் கையில் வைத்திருந்த மனிதருக்கு, கடைசியாகச் செய்யத் தோன்றிய காரியம் ஸரிகம எழுதுவது. அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த ஆயிரத்து எழுநூறு பக்கத்துக்காக இல்லை.

*

இப்போது நம்ம ஆட்களுக்கு. இன்ஸ்டாகிராம் பக்கம்.

கானா வடசென்னையின் இசை. சாவு வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாடி, செத்தவரின் வாழ்க்கையை அங்கேயே வரியாகக் கட்டுகிற கலை. டோலக் போதும், அதுவும் இல்லையென்றால் டேபிள் போதும். 2018இல் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறிய பிறகு கானாவைப் பற்றிப் பேசுவது நம் வட்டாரத்தில் மரியாதையான விஷயம் ஆகிவிட்டது. நல்லது. கட்டுரை வருகிறது, ஆவணப்படம் வருகிறது, ஆய்வேடு வருகிறது. எல்லாவற்றிலும் ‘அசல்’, ‘மண்ணின் குரல்’, ‘கட்டுக்கடங்காத’ என்ற சொற்கள் தவறாமல் வருகின்றன. கானா பற்றி எழுதுகிறவர்கள் நிறைய. கானாவைக் கற்றுக்கொள்ள எழுதுகிறவர் எங்கே?

“அதெல்லாம் கேட்டுத்தான் வரணும்” என்பீர்கள். சரி, யார் கேட்கலாம்? சாவு வீட்டுப் பந்தலில் ராத்திரி ரெண்டு மணிக்குப் பாடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க எந்தப் பிள்ளையை விடுவார்கள்? பையனை. எண்ணூரில் இருக்கிற பதினான்கு வயசுப் பெண்ணை விடமாட்டார்கள். ராயபுரத்து இசைவாணியை 2020இல் பிபிசி உலகின் நூறு பெண்கள் பட்டியலில் போட்டது. நாம் எல்லோரும் ஷேர் பண்ணினோம். ஒரு பெண் கானா பாடுவதே உலகச் செய்தியாகிற அளவுக்கு அந்தக் கதவு சின்னது என்பது அந்தச் செய்திக்குள்ளேயே இருந்தது. ‘ரத்தத்துல வரணும்’ என்று நீங்கள் ரொமான்டிக்காகச் சொல்லும்போது, யாருடைய ரத்தம் என்று கேட்க மறந்துவிடுகிறீர்கள். 1928க்கு முன்னால் மயிலாப்பூர் மாமாக்கள் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவர்களாவது தங்கள் சொத்தைக் காப்பாற்றச் சொன்னார்கள். நீங்கள் அடுத்தவர் சொத்துக்கு வாட்ச்மேன் வேலை பார்க்கிறீர்கள்.

எழுதினால் செத்துவிடும் என்பது அடுத்த வாதம். சுரக்குறிப்பில் கமகம் வராது என்று இதையேதான் நூறு வருஷம் முன்னாலும் சொன்னார்கள். உண்மைதான், வராது. கார்வைக்கு ஒரு கமா, இரண்டு மடங்குக்கு அரைப்புள்ளி, மேல் ஸ்தாயிக்குத் தலையில் புள்ளி, வேகத்துக்கு மேலே கோடு. இவ்வளவுதான் கருவி. இதை வைத்துக்கொண்டு தோடியின் காந்தாரத்தை எழுத முடியுமா? முடியாது. அதனால் தோடி செத்துவிட்டதா? பாலபாடப் புத்தகம் முழு இசையையும் பிடித்து டப்பாவில் அடைப்பதாக எப்போது சொன்னது? அது செய்வது ஒன்றுதான். தெருவில் யாரையும் தெரியாத, மாமன் மச்சான் யாரும் பாடாத, காசு இல்லாத ஒரு பிள்ளை முதல் மூன்று மாதம் தனியாகத் தாக்குப்பிடிக்க வழி செய்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை ஆளைத் தேடிக்கொண்டு தானே போகும். வெறுங்கையோடு போகாது, அவ்வளவுதான்.

வசதி எல்லாம் தெற்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசு இசைக் கல்லூரி கிரீன்வேஸ் சாலையில். டிரினிட்டி பரீட்சை எழுத வேண்டுமென்றால் மவுன்ட் ரோடு மியூசி மியூசிக்கலைக் கேட்க வேண்டும். எண்ணூரிலிருந்து அடையாறு பக்கம் போய்த் திரும்பினால் ஒரு நாள் முடிந்துவிடும். வடக்கே சர்ச், பேண்டு செட்டு, சாவு வீடு, ஜெராக்ஸ் கடை. இதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் வண்டி ஓடியிருக்கிறது. அந்த ஜெராக்ஸ் கடை மட்டும் இல்லையென்றால் எனக்கு ஜான் தாம்சனும் இல்லை, அதிலிருந்து எம்பி எட்டிப்பார்த்த சாம்பமூர்த்தியும் இல்லை. அமெரிக்கக் குழந்தைக்காகச் சின்சினாட்டியில் அச்சான புத்தகம், நாலு பக்கம் போனபிறகும், ராயபுரத்தில் வேலை செய்தது. ராயபுரத்துப் பிள்ளைக்காக ராயபுரத்திலேயே எழுதினால் எப்படி வேலை செய்யும் என்று பார்க்க எனக்கு ஆசை.

அதனால் நண்பர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து கேட்க ஆரம்பித்திருக்கிறேன். புத்தகத்தின் முதல் பக்கத்தில் டோலக்கின் எந்த அடியை வைப்பது? மாயாமாளவகௌளை மாதிரி, பாதி கற்றால் முழுசும் வருகிற அடி எது? காசிமேட்டில் ஒருத்தர், “சும்மா எதையாவது போடுங்க தம்பி, கை தானா புடிச்சுக்கும்” என்றார். தண்டையார்பேட்டையில் இன்னொருத்தர் இடது கையை முதலில் தனியாக ஒரு வாரம் தட்ட வைக்க வேண்டும், வலது கையைத் தொடவே விடக்கூடாது என்று கறாராகச் சொன்னார். அவரிடம் ஏற்கெனவே ஒரு பாடத்திட்டம் இருக்கிறது, காகிதத்தில் இல்லை, அவ்வளவுதான். மூன்றாமவர் ஒன்றும் சொல்லவில்லை. டீக்கடை பெஞ்சில் தட்டிக் காட்டினார். நான் அது ஆறா எட்டா என்று விரல் விட்டு எண்ணி முடிப்பதற்குள் நிறுத்திவிட்டு, “போனை எடுங்க, ரெக்கார்டு பண்ணிக்குங்க, இன்னொரு தடவ மெதுவா அடிக்கிறேன்” என்றார்.